ஸ்பீக்கரில் நடந்த ஆங்கில வகுப்பு

ரேகாவுக்கு ஆங்கிலம் என்றாலே பயம். ஆனால் அதைச் சொல்லிக்கொடுக்கும் வேலையில்தான் அவள் இருந்தாள்.

குமராட்சிக்குப் பக்கத்தில், கொள்ளிடக் கரையோரக் காலனியில் பிறந்தவள். அப்பா சிங்காரமும் அம்மா செல்லாயியும் நடவுக்கும் அறுப்புக்கும் போகிறவர்கள். 2005 வெள்ளத்தில் வீட்டின் மண்சுவர் கரைந்துபோனது. அந்த வருடம் முகாம் போட்டிருந்த பள்ளிக்கூடத்தின் வராண்டாவில் உட்கார்ந்து அவள் பிளஸ் டூவுக்குப் படித்தாள். கல்லூரியில் ஆங்கில இலக்கியத்தில்தான் இடம் கிடைத்தது. மூன்று வருடமும் வகுப்பில் அவள் வாயிலிருந்து வந்தது 'யெஸ் மேம்', 'நோ மேம்' மட்டும்தான். எழுதச் சொன்னால் எழுதிவிடுவாள். பேசச் சொன்னால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும்.

2009-இல் சிதம்பரம் கீழவீதியில், செருப்புக் கடைக்கு மேல்மாடியில் சார்லஸ் என்பவர் நடத்திய ஆங்கிலப் பயிற்சி மையத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். தூரத்துக் கிராமங்களில் இருக்கிறவர்கள் நேரில் வர முடியாது என்பதால் சார்லஸ் ஒரு ஏற்பாடு செய்திருந்தார். சாயங்காலங்களில் மையத்திலிருந்து போன் வரும். கால் மணி நேரம் ஆங்கிலத்தில் மட்டுமே பேச வேண்டும். அப்படிப் போன் செய்து பேசுவதுதான் ரேகாவின் வேலை. பலகை வைத்துத் தடுத்த ஒரு மூலையில், மின்விசிறியை நிறுத்திவிட்டு உட்கார்ந்து பேசுவாள். விசிறி ஓடினால் எதிர்முனைக்குக் காற்றுச் சத்தம்தான் கேட்கும்.

சேர்ந்த முதல் வாரத்திலேயே அவள் ஒரு தந்திரம் கற்றுக்கொண்டாள். கேள்வி கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். காலையில் என்ன சாப்பிட்டீர்கள், உங்கள் ஊரில் என்ன விளையும், மழை வருமா. பதில் சொல்கிறவர்தான் திணறுவார். கேள்வி கேட்பவரின் ஆங்கிலத்தை யாரும் சோதிப்பதில்லை. இருந்தாலும் ஒவ்வொரு போன் எடுக்கும்போதும், இன்றைக்கு யாராவது தன்னைக் கண்டுபிடித்துவிடுவார்கள் என்ற பயம் இருந்துகொண்டே இருந்தது.

2010 ஆனியில் ராஜ்கமல் என்பவன் மையத்துக்கு வந்தான். அண்ணாகிராமம் பக்கம், முந்திரித் தோப்பு உள்ள குடும்பம். இஸ்திரி போட்ட சட்டை, மரியாதையான பேச்சு. கையில் ஒரு பலாப்பழம் கொண்டுவந்து சார்லஸ் மேசைமேல் வைத்தான்.

"வீட்டுக்காரம்மா நர்ஸ் படிச்சிருக்கு சார். வெளிநாட்டு வேலைக்கு இங்கிலீஷ் பரீட்சை எழுதணும். ஒரு தபா எழுதி போயிடுச்சி. இந்தத் தபா பாஸ் ஆவணும். அது போனா நானும் கூடப் போயிடுவேன்."

"அவுங்கள நேர்ல கூட்டிக்கிட்டு வரலாமே" என்றார் சார்லஸ்.

"வேணாம் சார். போன்லயே இருக்கட்டும். என் நம்பருக்கே அடிங்க, அதுகிட்ட போன் கெடையாது." பாடப் புத்தகம் அனுப்புவதற்காக வீட்டுக்கு வழி சொன்னான். அண்ணாகிராமத்திலிருந்து ஏரிக்கரை வழியாக வந்தால் தோப்புக்கு நடுவில் தனி வீடு, நீலக் கேட்டு.

அவன் மனைவியின் பெயர் கயல்விழி.

அவர்கள் இருவரும் போனில் பேசியது முழுக்க ஆங்கிலம்தான். ரேகா சொல்லக் கேட்டு எழுதுகிற நான் அதைத் தமிழில்தான் தர முடியும். இரண்டு பேருடையதும் இலக்கணம் தட்டுகிற ஆங்கிலம் என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் வாரங்களில் விசேஷமாக ஒன்றும் இல்லை. என் பெயர் கயல்விழி. என் அம்மா செம்மண்டலத்தில் இருக்கிறார். எனக்குப் பிடித்த நிறம் பச்சை. ஒவ்வொரு வாக்கியத்துக்கும் முன்னால் அவள் மூச்சு இழுப்பது கேட்கும். கூச்சம் என்று ரேகா நினைத்தாள். அந்தக் கூச்சம் அவளுக்குத் தெரிந்ததுதான். ஆனால் பேச்சுக்கு நடுவே சில சமயம் ஓர் ஆண் இருமுவான். வகுப்பு முடிந்ததும் கயல்விழி போனை வைப்பதற்குள் ராஜ்கமலின் குரல் வந்துவிடும்.

"எப்பிடி மேடம் பேசுறா? தேறுவாளா?"

அப்போதுதான் ரேகாவுக்கு விளங்கியது. போன் ஸ்பீக்கரில் இருக்கிறது. அவன் தினமும் பக்கத்திலேயே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறான்.

ஆடி மாதத்தில் ஒருநாள் கயல்விழி வழக்கமான கேள்விக்குப் பதில் சொல்லாமல் ஒரு வார்த்தை கேட்டாள்.

"மேடம், தோல் நீலம் ஆகிறது. வெட்டு இல்லை, ரத்தம் இல்லை. அதற்கு என்ன சொல்வது?"

அந்த வார்த்தை ரேகாவுக்கும் தெரியாது. நாளைக்குச் சொல்கிறேன் என்று சமாளித்துவிட்டு, போனை வைத்ததும் அகராதியை எடுத்தாள். கன்றிப்போன இடத்துக்கு 'ப்ரூஸ்' என்று போட்டிருந்தது. மறுநாள் சொல்லிக்கொடுத்தாள். கயல்விழி இரண்டு தடவை உச்சரித்துப் பார்த்தாள்.

அதற்கு அடுத்த நாள் எடுத்ததுமே, "எனக்கு ப்ரூஸ் இருக்கிறது மேடம். தொடையில். முதுகில்" என்றாள்.

ரேகா பாடத்து ஞாபகத்திலேயே இருந்தாள். ஒன்றுக்கு மேல் இருந்தால் பன்மையில் சொல்ல வேண்டும் என்று திருத்தினாள். கயல்விழி பன்மையில் திருப்பிச் சொன்னாள். பிறகு குரலில் ஏற்றமோ இறக்கமோ இல்லாமல், ஒப்பிப்பது மாதிரி, "இது பாடம் இல்லை மேடம்" என்றாள்.

"என்னா சொல்றா மேடம்?" ராஜ்கமலின் குரல்.

எதிரே இருந்த பலகையை ரேகா பார்த்துக்கொண்டிருந்தாள். என்ன பதில் சொல்வது என்று யோசிக்கவே இல்லை, வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"நர்ஸ் பாடம் சார். காயத்தோட பேரெல்லாம் கேக்குறாங்க."

"ம். நல்லா சொல்லிக்குடுங்க."

அன்று குமராட்சிக்குப் போகும் மினிபஸ்ஸில் அவள் அதையே நினைத்துக்கொண்டு போனாள். ஒரு பொய் சொல்லிவிட்டாள். அந்தப் பொய்யால் அந்த வீட்டுக்குள் தானும் காலை வைத்துவிட்டதாக அவளுக்குத் தோன்றியது.

மறுநாளிலிருந்து வகுப்பு வேறு மாதிரி ஆனது. தமிழ்ப் பேச்சுக்குள் எவ்வளவு ஆங்கிலம் கிடக்கிறது என்பது அப்போதுதான் ரேகாவுக்கு உறைத்தது. கதவு, பூட்டு, போலீஸ், புருஷன், அடி, உதவி, எல்லாவற்றுக்கும் உண்டான ஆங்கில வார்த்தை ராஜ்கமலுக்குத் தெரிந்திருக்கும். டீக்கடையில் நிற்கிற எவருக்கும் தெரிந்திருக்கும். அதையெல்லாம் தொடாமல் பேச வேண்டும். இரண்டு பேருக்கும் தெரிந்த வார்த்தைகளே கொஞ்சம். அதிலும் பாதியைத் தொட முடியாது.

வழியைக் கயல்விழிதான் கண்டுபிடித்தாள். தன்னைப் பேஷன்ட் என்றாள். கணவனை, நோயாளிக்குக் கூட இருக்கிற ஆள் என்ற அர்த்தத்தில் அட்டென்டன்ட் என்றாள். நர்ஸ் வகுப்பில் அந்த இரண்டு வார்த்தையும் வராமல் இருந்தால்தான் சந்தேகம்.

"பேஷன்ட் வெளியே போக அனுமதி இல்லை."

"எத்தனை நாளாக?"

"முதல் பரீட்சைக்குப் பிறகு. பேஷன்ட் தோற்றதிலிருந்து."

"பேஷன்டுக்குச் சொந்தக்காரர்கள் வந்து பார்க்கிறார்களா?"

"பேஷன்ட் படிக்கிறாள், தொந்தரவு கூடாது என்று அவர்களுக்குச் சொல்லியிருக்கிறது."

ரேகா கேள்வி கேட்டாள், கயல்விழி பதில் சொன்னாள். வெளியிலிருந்து கேட்டால் நல்ல வகுப்பு. கேட்டுக்கொண்டிருந்த ராஜ்கமலுக்கும் திருப்தியாகவே இருந்தது. "இப்பத்தான் மேடம் கடகடன்னு பேசுறா" என்றான். அந்தக் குரலில் இருந்த சந்தோஷம்தான் ரேகாவுக்கு எல்லாவற்றையும்விடப் பயமாக இருந்தது.

ஆவணியில் ஒருநாள் கயல்விழி விளக்கு எரிக்க ஊற்றும் பொருளுக்கு வார்த்தை கேட்டாள். மண்ணெண்ணெய்க்கு நேர் வார்த்தையைச் சொன்னால் அவனுக்குப் புரிந்துவிடும். எரிபொருள் என்று பொதுவாக 'ஃப்யூயல்' என்றாள் ரேகா.

"அட்டென்டன்ட் ஃப்யூயல் கொண்டுவந்தான். பேஷன்ட் படுக்கிற இடத்துக்குக் கீழே வைத்தான். இங்கே சமையல் கேஸில்தான்..."

கேஸ் என்ற, அவனுக்கும் தெரிந்த வார்த்தை நழுவிவிட்டது.

"கேஸா? என்னா கேஸு?" ராஜ்கமல் போனுக்கு அருகில் வந்துவிட்டது தெரிந்தது.

ரேகா முந்திக்கொண்டாள்.

"ஆக்சிஜன் கேஸ் சார்" என்றாள் ரேகா. "ஆஸ்பத்திரியில வெப்பாங்க இல்ல."

"ஓ, அதுவா."

போனை வைத்துவிட்டு ரேகா மாடிப்படியில் போய் உட்கார்ந்தாள். கீழே செருப்புக் கடையில் யாரோ அளவு சரியில்லை என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். கொஞ்ச நேரம் கழித்து உள்ளே போய் சார்லஸிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் கதவைச் சாத்திவிட்டு மெதுவாகப் பேசினார்.

"உண்மைன்னு எப்பிடித் தெரியும்? அந்தப் பொண்ணு இங்கிலீஷ் உனக்குப் புரிஞ்சது சரிதானான்னு எப்பிடித் தெரியும்?"

அந்தக் கேள்வி ரேகாவை அடித்துப் போட்டது. தனக்கே அந்தச் சந்தேகம் இருந்தது.

"புருஷன் பொண்டாட்டி விஷயம் ரேகா. அவுங்க யாரு, நாம யாரு. நீயும் நானும் எங்கேருந்து வந்து இந்த மாடியில உக்காந்திருக்கோம்னு உனக்கே தெரியும். நாளைக்கு ஆளுங்களோட வந்து போர்டைக் கழட்டிட்டுப் போனா கேக்க நாதி இல்ல."

வீட்டில் சிங்காரமும் ஏறக்குறைய அதையேதான் சொன்னார். ஆனால் அவர் குரலில் கோபம் இல்லை, பயம் இருந்தது. "வேணாம் பாப்பா. அவுங்க ஊட்டுச் சண்டைக்குள்ள நம்ம ஊட்டுப் பொண்ணு போவக்கூடாது. தேடிக்கிட்டு இங்க வருவாங்க." செல்லாயி சோற்றைப் போட்டாள். ரேகா கை கழுவ எழுந்தபோது, "அந்தப் பொண்ணுக்கு அம்மா இருக்காங்களா?" என்று மட்டும் கேட்டாள்.

அம்மா இருக்கிறாள், செம்மண்டலத்தில். ஆனால் செம்மண்டலம் சின்ன இடம் இல்லை. மறுநாள் வகுப்பில் ரேகா ஒரு பயிற்சி வைத்தாள். ஆஸ்பத்திரியில் புதிதாகச் சேர வருகிற நோயாளியிடம் விவரம் கேட்பது. பெயர் என்ன, வயது என்ன, நிரந்தர முகவரி என்ன. கயல்விழிக்குப் புரிந்துவிட்டது. அம்மா பெயர் புஷ்பவள்ளி என்றாள். தண்ணீர் டேங்குக்குப் பின்னால், ரேஷன் கடைத் தெருவில் கடைசி வீடு என்றாள்.

"இரு இரு" என்றான் ராஜ்கமல். "எதுக்கு மேடம் அவ அம்மா ஊட்டு அட்ரஸ்?"

"பர்மனென்ட் அட்ரஸ் சார். எக்ஸாம்ல கேப்பாங்க."

"பர்மனென்ட்டு இனிமே இந்த ஊடுதான். இத சொல்லச் சொல்லுங்க."

கயல்விழி அண்ணாகிராமத்து முகவரியைச் சொன்னாள். சரியாகச் சொல்கிறாளா என்று பார்க்க அவன் மறுபடி ஒரு தடவை சொல்லச் சொன்னான். அதையும் சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமை ரேகா கடலூர் பஸ் ஏறினாள். அப்பாவிடம் சொல்லவில்லை. செம்மண்டலத்தில் தண்ணீர் டேங்கைக் கண்டுபிடிக்கக் கஷ்டப்படவில்லை. புஷ்பவள்ளி வாசலில் வடகம் காயவைத்துக்கொண்டிருந்தாள். ஒல்லியான, சுறுசுறுப்பான அம்மாள். கணவர் இறந்துவிட்டார். ஒரே மகள்.

ரேகா சொல்லி முடிக்கும்வரை கேட்டின் மேல் கையை வைத்துக்கொண்டு கேட்டாள். திறக்கவில்லை.

"எம் மாப்ள தங்கமான புள்ளம்மா. கல்யாணம் ஆன பொறவும் படிக்க வெக்கிறாரு. யாரு வெப்பா? நீ எந்த ஊரு?"

"குமராட்சிப் பக்கம்ங்க."

"குமராட்சியில எந்தத் தெரு?"

அந்தக் கேள்வி எதற்கு என்று இரண்டு பேருக்கும் தெரியும். ரேகா சொன்னாள். புஷ்பவள்ளியின் கை கேட்டை இன்னும் கொஞ்சம் அழுத்திப் பிடித்தது.

"கயலு போன்ல சொன்னிச்சா இதெல்லாம்? எங்கிட்ட சொல்லாம உங்கிட்டயா?"

"உங்ககிட்ட தமிழ்லதான பேச முடியும்? அவுரு பக்கத்துலயே இருக்காருங்க."

புஷ்பவள்ளி கேட்டிலிருந்து கையை எடுத்தாள். உள்ளே போய் செல்போனை எடுத்துக்கொண்டு வந்தாள். வேண்டாம், அவரைக் கூப்பிடாதீர்கள் என்று ரேகா கேட்டுக்குமேல் கையை நீட்டிக் கெஞ்சினாள். புஷ்பவள்ளி போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள். "நீ போம்மா. நான் பாத்துக்குறேன்" என்றாள். ரேகா தெருமுனை வரை போய்த் திரும்பிப் பார்த்தபோதும் அவள் போனோடு அங்கேயேதான் நின்றுகொண்டிருந்தாள்.

திங்கட்கிழமை சாயங்காலம் ரேகா அந்த நம்பருக்கு அடித்தாள். முதல் மணியிலேயே எடுத்துவிட்டார்கள். மூச்சு இழுக்கும் சத்தம் இல்லை.

"நேத்து செம்மண்டலம் போயிருந்தீங்களா மேடம்?" என்றான் ராஜ்கமல்.

ரேகா நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டாள்.

"பேரு ரேகா. அப்பா பேரு சிங்காரம். விசாரிச்சிட்டேன். நீங்க அங்கேருந்து வந்து எங்க ஊட்டு விஷயம் பேசுறீங்க." அவன் சத்தம் போடவில்லை. முதல்நாள் பலாப்பழம் கொண்டுவந்தபோது பேசிய அதே குரல். "பேஷன்ட்டு, பேஷன்ட்டுன்னு தெனம் கேட்டுக்கிட்டு உக்காந்திருந்தேன். கேணப் பய மாரி. சரி, இன்னைக்கும் கிளாஸ் நடக்கட்டும். தமிழ்ல பேசுங்க ரெண்டு பேரும். எனக்கும் புரியட்டும்."

போன் கைமாறியது.

"மேடம்" என்றாள் கயல்விழி. அவள் தமிழில் பேசி ரேகா கேட்டதே இல்லை. குரல் வேறு ஆளுடையது மாதிரி, சின்னப் பிள்ளையுடையது மாதிரி இருந்தது. "நல்லா இருக்கேன் மேடம். நான் சொன்னதெல்லாம் தப்பு. சும்மா பேசிப் பழகத்தான் சொன்னேன்."

"சரிம்மா." என்ன கேட்பது? ரேகாவுக்குத் தெரிந்ததெல்லாம் கேள்வி கேட்பது ஒன்றுதான். "எக்ஸாமுக்குப் படிக்கிறீங்களா? ஐப்பசியிலதான எக்ஸாம்?"

"இல்ல மேடம். இன்னைக்கே வெச்சிட்டாங்க."

போன் பிடுங்கப்படும் சத்தம் கேட்டது. இணைப்பு அறுந்துவிட்டது. மறுபடி அடித்தபோது அணைத்துவைக்கப்பட்டிருந்தது.

சார்லஸ் அன்று மையத்தில் இல்லை. போலீசுக்குப் போன் செய்தால் என்ன சொல்வது? ஒரு பெண் பரீட்சை இன்றைக்கே என்று சொன்னாள் என்றா? 108-க்கு அடித்தாள். எடுத்த பெண்ணிடம், ஒரு பெண்மேல் தீப்பிடித்துக்கொண்டது என்றாள். அண்ணாகிராமம், ஏரிக்கரை, தோப்புக்குள் தனி வீடு, நீலக் கேட்டு. சீக்கிரம் வாருங்கள் என்றாள். உங்கள் பெயர் என்ன என்று கேட்டதற்குத் தன் பெயரையே சொன்னாள். சொன்ன பிறகுதான், தான் சொன்னது இன்னும் நடக்கவில்லை என்பதும், நடக்காமலே போனால் தன்னைத்தான் பிடிப்பார்கள் என்பதும் தோன்றியது. நடந்திருந்தால் என்ன என்பதை அவள் நினைக்கவில்லை. நினைக்க முடியவில்லை.

அந்த வீட்டில் நடந்ததைக் கயல்விழி பிற்பாடு சொன்னாள். மாமியார் பண்ருட்டிக்கு ஒரு வளைகாப்புக்குப் போயிருந்தாள். ராஜ்கமல் கதவைத் தாழ் போட்டான். கட்டிலுக்கு அடியிலிருந்த மண்ணெண்ணெய்க் கேனை இழுத்துக் கூடத்தில் அவளுக்கு முன்னால் வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்துகொண்டான். அடிக்கவில்லை, திட்டவில்லை. அவளைப் பார்த்துக்கொண்டே இருந்தான். அவள் கேனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கத்தினாலும் தோப்பில் யாரும் கிடையாது.

சைரன் சத்தம் ஏரிக்கரைப் பக்கமிருந்து வந்தது. முதலில் அவன் அசையவில்லை. வண்டி கேட்டில் நின்று, சத்தம் நிற்காமல் ஒலித்தபோதுதான் எழுந்து கதவைத் திறந்தான். சத்தத்துக்கு ஏரிக்கரையில் ஆடு மேய்த்தவர்களும், அடுத்த தோப்புக் காவல்காரரும் வந்து சேர்ந்திருந்தார்கள்.

"இங்க யாருக்கும் ஒண்ணும் இல்ல. எவனோ பொய்யா போன் பண்ணியிருக்கான்" என்றான் ராஜ்கமல்.

"பேஷன்ட் யாருங்க?" என்று வண்டியில் வந்த பெண் அவனுக்குப் பின்னால் எட்டிப் பார்த்துக் கேட்டாள்.

கயல்விழி செருப்புகூடப் போடாமல் வெளியே வந்தாள். "நான்தாங்க பேஷன்ட்டு" என்று சொல்லிவிட்டு, யாரும் கை கொடுப்பதற்குள் வண்டியில் ஏறி உட்கார்ந்து, கதவைத் தானே இழுத்துச் சாத்தினாள். அவ்வளவு பேருக்கு முன்னால் ராஜ்கமல் ஒன்றும் செய்யவில்லை. வண்டி கிளம்பும்வரை கேட்டைப் பிடித்தபடி நின்றான்.

ஆஸ்பத்திரியில் அவள் உடம்பிலிருந்த காயங்களை எழுதிக்கொண்டார்கள். வழக்குப் பதிவானது. 108-லிருந்து ரேகாவைத் திரும்பக் கூப்பிட்டு, தீப்பிடித்ததாக ஏன் சொன்னீர்கள் என்று கேட்டார்கள். பிடிச்சிருக்கும்னு நெனச்சேன் என்றாள் அவள். சரிம்மா என்று வைத்துவிட்டார்கள்.

அதற்குப் பிறகுதான் ரேகாவுக்கு மோசமான மாதங்கள். ராஜ்கமல் ஜாமீனில் வந்ததும் ஒருநாள் கீழவீதியில், செருப்புக் கடைக்கு எதிரே பைக்கில் சாய்ந்துகொண்டு மத்தியானம் முழுக்க நின்றான். மேலே வரவில்லை, எதுவும் கேட்கவில்லை. கொஞ்ச நாளைக்கு வராதே என்றார் சார்லஸ். அந்தக் கொஞ்ச நாள் முடியவே இல்லை. காலனிக்கு இரண்டு பேர் வந்து இங்கிலீஷ் டீச்சர் வீடு எது என்று விசாரித்தார்கள். இங்கே டீச்சரே கிடையாது என்று தெருவே சேர்ந்து சொல்லிவிட்டது. சிங்காரம் வேலைக்குப் போகாமல் வாசலிலேயே கிடந்தார். மகளைத் திட்டவில்லை. ராத்திரிகளில் அவர் புரண்டு படுக்கிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு இவளும் தூங்காமல் படுத்திருப்பாள்.

2011-இல் கடலூரில் ஒரு தனியார் பள்ளியில் வேலை கிடைத்து விடுதிக்கு வந்துவிட்டாள். நானும் அங்கேதான் வேலை பார்த்தேன். ஓய்வறையில் போன் மணி அடித்தால் அவள் எழுந்து வெளியே போய்விடுவாள். அதைப் பார்த்துத்தான் ஒருநாள் கேட்டேன். கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னாள்.

கயல்விழி அம்மா வீட்டிலிருந்து பாண்டிச்சேரியில் ஒரு ஆஸ்பத்திரிக்கு வேலைக்குப் போய்வந்தாள். ரேகா செம்மண்டலத்துக்கு ஒரே ஒருமுறை போனாள். இந்தத் தடவை புஷ்பவள்ளி கேட்டைத் திறந்து உள்ளே கூட்டிக்கொண்டுபோனாள். எல்லோருக்கும் வந்த மாதிரி எவர்சில்வர் டம்ளரில்தான் தனக்கும் காபி வந்தது என்பதை ரேகா கவனித்துக்கொண்டாள். "நான்தாம்மா போன் பண்ணி அவன்கிட்ட சொன்னேன்" என்றாள் புஷ்பவள்ளி. "அவன் அழுதான். அத்த, என்னெப் பத்தி இப்பிடிச் சொல்றாங்களேன்னு அழுதான். நான் நம்பிட்டேன்." சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

ரேகாவும் கயல்விழியும் கூடத்தில் தனியாக உட்கார்ந்திருந்தார்கள். ஒருவரையொருவர் நேரில் பார்ப்பது அதுதான் முதல்முறை. போனில் எத்தனையோ நாள் பேசியவர்களுக்குத் தமிழில் என்ன பேசுவது என்று தெரியவில்லை. நீங்க என்பதா, நீ என்பதா என்பதுகூடப் பிடிபடவில்லை. பஸ் எப்படிக் கிடைத்தது, வெயில் ஜாஸ்தி என்று பேசிவிட்டு எழுந்தார்கள்.

2012-இல் கடலூர் கோர்ட்டில் ரேகாவைச் சாட்சிக்குக் கூப்பிட்டார்கள். அன்று நானும் துணைக்குப் போனேன். காலையிலிருந்து அவள் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. கூண்டுக்கு நாலு முழம் தள்ளி ராஜ்கமல் நின்றிருந்தான். எதிர்த்தரப்பு வக்கீல் நிதானமாக ஆரம்பித்தார்.

"நீங்க தமிழ் மீடியம்தானம்மா?"

"ஆமாங்க."

"அந்தப் பொண்ணும் தமிழ் மீடியம். ரெண்டு பேருக்கும் சரியா இங்கிலீஷ் வராது. ஃப்யூயல்னா வண்டிக்கு ஊத்துறது, தோப்புல மோட்டாருக்கு ஊத்துறது. அதைத்தான அவுங்க சொன்னாங்க?"

ரேகா கூண்டின் கட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

"மோட்டார் கொட்டாயிலதாங்க இருக்கும்" என்றாள். "கட்டிலுக்கு அடியில இருக்காது."

நீதிபதி எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார். அந்தப் பெண் போனில் சொன்னதையெல்லாம், ஞாபகம் இருக்கிறவரை, தமிழில் சொல்லும்படி கேட்டார். ரேகா சொல்ல ஆரம்பித்தாள். தோல் நீலமானது. தொடையிலும் முதுகிலும் காயம். வெளியே போக அனுமதி இல்லை. நடுவில் நிறுத்தவில்லை. ஒவ்வொன்றும் எந்த நாளில், எந்தக் கேள்விக்குப் பதிலாக வந்தது என்பதையும் சொன்னாள். ராஜ்கமல் முதலில் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். பாதியில் தலை தூக்கி, அவள் வாயையே பார்க்கத் தொடங்கினான். தினமும் தன் காதுபடவே பேசியதைத்தான் அவன் இப்போது கேட்டுக்கொண்டிருந்தான்.

அவனுக்குத் தண்டனை கிடைத்தது. மேல்முறையீடு செய்து வெளியே இருக்கிறான். கயல்விழிக்கு விவாகரத்து ஆகிவிட்டது. அந்தப் பரீட்சையை அவள் மறுபடி எழுதவில்லை, பாண்டிச்சேரி வேலையிலேயே இருக்கிறாள். அந்தச் சாயங்காலம் அவன் உண்மையிலேயே கேனைத் திறந்திருப்பானா, பயமுறுத்தத்தான் வைத்தானா என்று ரேகா அவளிடம் கேட்டாள். தெரியவில்லை என்றாள் கயல்விழி.

ரேகா இப்போதும் எங்கள் பள்ளியில்தான் இருக்கிறாள். சனிக்கிழமைகளில் குமராட்சிக்குப் போகிறாள். முன்னால் எத்தனை இடம் காலியாக இருந்தாலும் பஸ்ஸில் கடைசி வரிசையில்தான் உட்காருவாள். அங்கே உட்கார்ந்தால் ஏறுகிற ஒவ்வொரு முகத்தையும் பார்க்கலாம், முதுகுக்குப் பின்னால் யாரும் இருக்க மாட்டார்கள் என்கிறாள்.